இடது பக்கத்து மெட்

காரின் தரையில் போடுகிற மெட்டைத் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் அதை நீட்டுவார்கள். சீட் உறை கிழிந்திருந்தால் யாரும் கூச்சப்படுவதில்லை. மெட் அப்படியல்ல. அதில் அவர்களுடைய செருப்பு மண் இருக்கும், சிந்திய பால் இருக்கும், பிள்ளைகள் கொட்டிய பிஸ்கட் தூள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் கால் வைக்கிற விதம் இருக்கும். கார் சீட்டும் மெட்டும் தைக்கிற குஷன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கையில் வாங்குவது ஒரு துண்டுக் காபட் விரிப்பு என்று நினைத்து வாங்காதீர்கள்.

விரல் மூட்டுகள் ஊசியைப் பிடிக்க மறுத்த பிறகு நான் பட்டறையை விட்டு வீட்டோடு இருக்கிறேன். விளிம்பு கட்டுவது, ஒட்டுத் தோல் வெட்டுவது, மெழுகு நூல் இழுப்பது இவற்றையெல்லாம் உங்கள் பட்டறையிலேயே காட்டித் தருவார்கள். நான் அவற்றைச் சொல்லப்போவதில்லை. ஊசியை எடுப்பதற்கு முன் என்ன செய்வது என்பதைப் பற்றி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓட்டுகிறவரின் மெட் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேயும். எக்ஸிலேட்டருக்குக் கீழே, வலது குதிகால் ஊன்றித் திரும்புகிற இடத்தில் வட்டமாக ஓட்டை விழும். பக்கத்தில் உட்காருகிறவரின் மெட்டில் இரண்டு குதிகால்களும் சேர்ந்து லேசாக மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். அங்கே கால்களுக்கு வேலை கிடையாது. இந்த ஒழுங்குக்கு மாறாக ஒரு மெட் வந்தால் முதலில் கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள்.

நான் சொல்லப்போகிற காலத்தில், தைத்து முடித்த வெளிநாட்டு மெட்டுகள் கடைகளில் தொங்க ஆரம்பித்திருக்கவில்லை. எங்கள் பட்டறை கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகிற வழியில், மகாவலிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு பேர் தொழில் செய்தோம். குஷன் பக்கம் நான். மட்கார்ட் நசுங்கியது, தகரம் துருப்பிடித்தது எல்லாம் பார்க்கிற டிங்கரிங் பக்கம், அக்குறணையிலிருந்து வந்துபோகிற நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மழைக் காலத்தில் ஆற்றிலிருந்து புகை மாதிரி ஏறி வருகிற பனி காலையிலேயே எங்கள் வாசலுக்கு வந்துவிடும். அதற்குள்ளிருந்துதான் கார்கள் வரும். முதலில் சத்தம், பிறகு விளக்கு, பிறகு கார்.

அப்படி ஒரு காலையில் நான்கு கதவுள்ள ஒரு பழைய இங்கிலிஷ் கார் வந்தது. ஓட்டிவந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்து ஓய்வுபெற்றவர். குண்டசாலையில் சொந்த வீடு. வயது எழுபதுக்குப் பக்கம். வெள்ளைச் சட்டையின் கைகளை ஒரே அளவாக மடித்துவிட்டிருந்தார். காரும் அப்படித்தான். பழசு, ஆனால் ஒரு கீறல் கிடையாது.

அவர் ஓட்டுகிறவர் மெட்டைத் தரவில்லை. இடது பக்கத்து மெட்டைத்தான் எடுத்து நீட்டினார்.

குதிகால் படுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. தரை மேல்நோக்கிச் சரிந்து எஞ்சின் தடுப்போடு சேர்கிற இடத்தில், வலப்பக்கமாக, ஒரு ஓட்டை. குதிகால் போட்டதல்ல, கால் பாதத்தின் முன்பகுதி போட்டது. சின்னக் கால். வலது கால்.

முன்பு யாரோ வேறு வண்டியின் மெட்டை வெட்டி இதற்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். ஓட்டை விழுந்த பகுதியைத் திருப்பி, ஆள் உட்காராத பக்கம் வருகிற மாதிரித் தைத்துவிடுவோம். ஆனால் விளிம்புத் தையல் அந்தக் காருக்கே உரியதாக இருந்தது. அதனால் கேட்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் யார் உட்காருவாங்க?"

"எங்க வீட்டம்மா." அவர் சிரித்தார். "அவளுக்கு டிரைவிங் தெரியாது. ஆனா நாங்க கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து அங்கேர்ந்தே பிரேக் அடிப்பா. நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், இது ரெண்டு பேர் ஓட்டுற காருன்னு."

"அம்மாவக் கூட்டிட்டு வந்திருந்தா கால் அளவு பார்த்தே ஒட்டுப் போட்டிருக்கலாம்."

"அவ போயி வருஷம் திரும்பப் போகுது தம்பி," என்றார், அதே குரலில். "புது மெட் வேணாம். அந்த இடத்தை மட்டும் தச்சுக் குடுங்க. அடையாளம் போயிடக் கூடாது."

அடையாளம் போகாமல், அதே வடிவில் மெல்லிய தோல் ஒட்டு ஒன்றை வெட்டி, சுற்றிலும் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. திருத்திய மெட்டின் அடியில் வெள்ளைப் பென்சிலால் மாதத்தைக் குறித்துவிடுவேன். இதையும் குறித்தேன். வீட்டுக்குப் போய் என் நாட்குறிப்பில் அன்றைய வேலைகளோடு ஒரு வரி எழுதினேன். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை என்றாலும் அவருடைய காலை அளந்து வைத்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதவில்லை.

பெருமழை முடிந்தபோது கார் மறுபடி வந்தது.

"தச்சது விட்டுப்போச்சு தம்பி," என்றார் டிஸ்பென்சர் ஐயா. குறை சொல்கிற குரலல்ல. ஏதோ தன்மீது தவறு போலச் சொன்னார்.

தையல் தானாக விட்டுப்போகவில்லை. தோல் தேய்ந்திருந்தது. நடுவில் பளபளத்து, நூல் கால்விரல் பக்கம் அறுந்து, அடியில் நான் வைத்த துணி தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். என் வெள்ளைப் பென்சில் குறி அப்படியே இருந்தது. அதே மெட்தான்.

"யாரையாவது ஏத்திட்டுப் போறீங்களா ஐயா?"

"இல்லையே. நான் தனியத்தான் போறேன். மார்க்கட்டுக்கு, கோயிலுக்கு, மாசத்துல ஒரு தடவ கம்பளைக்கு மகளைப் பார்க்க."

இடது சீட்டைப் பார்த்தேன். ஆள் உட்காருகிற சீட்டின் ஓரக் குழாய்த் தையல் கொஞ்சமாவது அமுங்கியிருக்கும். இது புடைத்து நின்றது. சீட்டின் மேல் ஒரு பழைய பத்திரிகை மடித்தபடி கிடந்தது. எடுத்தேன். அதற்கு அடியில் மட்டும் தூசி இல்லை. அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தரையில் ஒரு கால் மிதித்துக்கொண்டிருந்தது.

நானாவைக் கூப்பிட்டேன். அவர் வண்டிக்கு அடியில் புகுந்து தரைத் தகரம் முழுவதையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். எங்கேயும் துரு இல்லை, ஆட்டம் இல்லை, கேபிள் எதுவும் தரையில் இடிக்கவில்லை. எலி கடித்த அடையாளமும் இல்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, 'இருக்கிறது' என்பது 'ஈக்கிறது' ஆகிற தன் ஊர்ப் பேச்சில் என் காதருகே சொன்னார்.

"தம்பி, இந்தக் காருக்கு எண்ட பக்கத்து வேல ஒண்டும் இல்ல. வேல ஈக்கிறது ஒண்ட பக்கத்துல. அதயும் வெளிச்சம் ஈக்கக்குள்ளயே முடிச்சுடு."

"பயமா நானா?"

"பயம் இல்ல. பொம்புள ஆள் உள்ள ஈக்கக்குள்ள நாம கதவத் தொறந்து போட்டு நிக்கிறது மொற இல்லயே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தக் கார் நின்ற வரை அவர் அதன் இடது கதவுப் பக்கமாக நடக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனார்.

நான் தொழில்காரன் செய்வதைச் செய்தேன். தேய்கிற இடம் கடினமாக இருப்பதால்தான் தேய்கிறது, மெத்தென்று இருந்தால் உரசல் குறையும். மெட்டுக்கு அடியில் ஒரு விரல் தடிப்பில் ஸ்பொஞ் வைத்து, மேலே இரட்டைத் தோல் போட்டுத் தைத்தேன். அழகான வேலை. கையால் குத்தினால்கூடச் சத்தம் வராது. அவர் அதைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார். மெட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தடவை பல மாதங்கள் ஆகவில்லை. சில வாரங்களிலேயே வந்துவிட்டார்.

கார் பனியிலிருந்து வெளியே வந்தபோதே நானா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். இடது முன் மட்கார்டில் ஒரு நசுங்கல். இடது கதவில் நீளமான கீறல். இடது பின் சக்கரத்துக்கு மேலே மதில் உரசிய சுண்ணாம்பு. இத்தனை வருடம் கீறல் விழாத கார் அது.

"எல்லாம் இடப்பக்கம்," என்றார் நானா மெதுவாக.

டிஸ்பென்சர் ஐயா நசுங்கலைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, மெட்டு சரியில்ல. ரொம்பக் கனமாப் போச்சு. பழைய மாதிரி மெல்லிசா ஆக்கிக் குடுங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"சனிக்கிழமை என்ன விசேஷம் ஐயா?"

"மகளுக்குப் பிள்ள பொறந்து முப்பது நாள் கழிஞ்சிருச்சு. கம்பளையிலேருந்து தாயையும் பிள்ளையையும் நான்தான் கூட்டிட்டு வரணும். மருமகனுக்கு ஹாட்வெயார் கடை, சனிக்கிழமைதான் வியாபாரம்." அவர் முகம் மலர்ந்தது. "அவளுக்குப் பின் சீட்டுல உக்காந்தா தல சுத்தும். முன்னுக்குத்தான் உக்காருவா, பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு."

அது எந்தச் சீட் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

மெட்டை வெளியே எடுத்தேன். இரட்டைத் தோலில் தேய்மானம் அதிகம் இல்லை. ஆனால் அடியில் இருந்த ஸ்பொஞ், அந்தச் சின்ன வலது காலின் வடிவில் நசுங்கித் தகடாகக் கிடந்தது. நல்ல ஸ்பொஞ் அழுத்தினால் எழும். இது எழவில்லை. விரலால் நோண்டிப் பார்த்தேன், உள்ளே பொடிந்திருந்தது. இப்படி ஆக வேண்டுமானால் ஒருவர் முழுப் பலத்தோடு, திரும்பத் திரும்ப, குத்திக் குத்தி மிதித்திருக்க வேண்டும்.

மெட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் இந்த இடத்தில்தான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். பயம் வந்தால் பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையில் இருப்பது என்ன சொல்கிறது என்று மட்டும் பாருங்கள். மெட் எனக்குச் சொன்னது இரண்டு. ஒன்று, அந்தப் பக்கத்தில் உள்ளவர் முன்பைவிடப் பயந்திருக்கிறார். இரண்டு, கார் அதற்கு நிற்கவில்லை.

"ஐயா, கால் எப்படிப் படுதுன்னு நான் உக்காந்து பார்க்கணும். ஒரு சுத்து போய் வருவோமா?"

நானா என் கையைப் பிடித்தார். "அந்த சீட்லயா?" நான் பத்திரிகையை எடுத்து டேஷ்போர்டில் வைத்துவிட்டு ஏறினேன். மெட்டை மறுபடி அதன் இடத்தில் விரித்துக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாகப் போனோம். பனி கலைந்து வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. அவர் நன்றாகத்தான் ஓட்டினார். கியர் மாறுவதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று மகள் வீட்டில் நடக்கிற சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே வெளியே பார்த்தேன். ஒரு வளைவில், எங்களுக்கு முன்னால் இடது ஓரமாக, சைக்கிளில் பெட்டி கட்டி ரொட்டி விற்கிற பாண்காரர் ஒருவர் மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். ஐயா எப்படியும் அவரைப் பார்த்திருப்பார், இப்போது ஒதுங்குவார் என்று நினைத்தேன். கார் ஒதுங்கவில்லை. பாண் பெட்டியின் மூடியில் இருந்த ஆணி எனக்குத் தெரிந்தது.

"ஐயா, இடது, இடது."

ஸ்டியரிங்கை வெட்டினார். கார் நடு ரோட்டுக்குப் போய் நின்றது. பாண்காரர் ஒரு காலை ஊன்றி நின்று, கண் இல்லையா என்று சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனார்.

நான் கீழே பார்த்தேன். எனக்கே தெரியாமல் என் வலது கால் தரையில் ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தது. அது இருந்த இடம் அந்த ஒட்டுத் தோலின் மேல். என் கால் பெரியது, தோலைச் சுற்றி வழிந்து கிடந்தது. ஆனால் இடம் அதேதான். நான் அவ்வளவு பலமாக மிதித்தும் சத்தமே வரவில்லை.

டிஸ்பென்சர் ஐயா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காரை ஓரமாக எடுத்து நிறுத்திவிட்டுப் பேசினார்.

"இடது கண் போயி ரொம்ப நாளாச்சு தம்பி. அவ இருக்கையிலயே போச்சு. அவளுக்கு மட்டும் தெரியும். இடப்பக்கம் ஏதாச்சும் வந்தா மிதிப்பா, டொம்முனு கேக்கும், நான் நிறுத்துவேன். எங்களுக்குள்ள அப்படி ஒரு பழக்கம்."

"இப்ப, ஐயா?"

"இப்பவும் கேக்கும்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முழு முகத்தையும் திருப்பித்தான் அவரால் பார்க்க முடிந்தது. "நீங்க பைத்தியம்னு நெனைக்கலாம். அவ போன பொறகும் கேட்டுச்சு. ஒரு தடவகூடத் தப்பினதில்ல. நீங்க அந்த ஸ்பொஞ்சை வச்ச பொறகுதான் கேக்கல."

திரும்பி வருகிற வழி முழுவதும் நான் இடது பக்கத்தைப் பார்த்து, வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பஸ் நிற்கிற ஹோல்ட், குடையோடு ஒரு பெண், மாடு. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்து விலகினார். அந்தச் சீட்டில் உட்கார்ந்தவரின் வேலை என்னவென்று எனக்கு விளங்கியது. ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்க முடியாத வேலை.

பட்டறைக்கு வந்து நான் மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றுதான். "ஸ்பொஞ்சை எடுத்துருங்க. சத்தம் வரணும்."

"எடுக்கிறேன் ஐயா. ஆனா சனிக்கிழமை நீங்க ஓட்டாதீங்க. மருமகனை வரச் சொல்லுங்க."

"என் மகளையும் பிள்ளையையும் அவ விட்டுருவாளா?"

"அன்னைக்கு அந்தச் சீட்டுல மகள் உக்காந்திருப்பாங்க ஐயா. அம்மா எங்க உக்காருவாங்க?"

யோசித்து வைத்துக் கேட்ட கேள்வியல்ல. வாயில் வந்துவிட்டது. அவருடைய முகம் இறுகியது.

"நீங்க மெட்டுப் பார்க்கிற ஆள். மெட்டை மட்டும் பாருங்க," என்றார். மெட்டை என் கையிலேயே விட்டுவிட்டு, வெறும் தகரத் தரையோடு காரை எடுத்தார்.

எங்கள் வாசல் ஒரு மதில் முனையில் ரோட்டோடு சேரும். இடது பக்கம் வருவது கடைசி வரை தெரியாது. கார் வேகம் எடுத்து வாசலுக்குப் போனது. அப்போது நான் கேட்டேன். நானாவும் கேட்டார். தகரத்தில் காலை ஓங்கி ஊன்றினால் வருகிற சத்தம். டொம். காரின் சிவப்பு விளக்கு எரிந்தது, கார் அப்படியே நின்றது. மறு நொடி மதில் முனையைத் தாண்டி, இடது பக்கத்திலிருந்து ஒரு லொறி முழு வேகத்தில் போனது.

சிவப்பு விளக்கு அணைந்தது. கார் மெதுவாகத் திரும்பிப் பாலத்துப் பக்கம் போய்விட்டது.

நானா வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "கேட்டதா?" என்றார்.

"கேட்டுச்சு."

"அப்ப இனி என்ன செய்யப் போற?"

இதைத்தான் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்பொஞ்சை எடுத்துவிட்டு மெட்டைக் கொடுத்தால் வாடிக்கையாளர் கேட்ட வேலை முடிந்தது. காப்பாற்றுகிற கால் ஒன்று அந்தக் காரில் இருக்கிறது என்று நான் என் காதாலேயே கேட்டுவிட்டேன். அதை நம்பியே விட்டுவிடலாம். அதை நம்பிவிட்டால் எளிது என்று நினைக்காதீர்கள். நம்பியதால்தான் எனக்கு அது கஷ்டமாக இருந்தது. நம்புகிற ஒன்றின் மேல் முப்பது நாள் பிள்ளையை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. காரணம் அந்த ஸ்பொஞ். அந்த அம்மா எத்தனை பலத்தோடு மிதித்தாலும் ஒரு விரல் தடிப்பு ஸ்பொஞ் அதைத் தடுத்துவிட்டதே. பிள்ளையின் துணிப் பை ஒன்று அங்கே கிடந்தாலும் போதும்.

வெள்ளிக்கிழமை பட்டறையை நானாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கம்பளைக்குப் பஸ் ஏறினேன். ஹாட்வெயார் கடை என்று விசாரித்ததில் பஜாரிலேயே காட்டிவிட்டார்கள். மருமகன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் மாடிக்குக் குரல் கொடுத்து மனைவியை அழைத்தார். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி வந்தார். வந்தவரின் காலைத்தான் நான் முதலில் பார்த்தேன். தாயின் கால் அளவு அல்ல. பெரிய கால்.

"அப்பாவுக்கு இடப்பக்கம் கண் தெரியல," என்றேன். "நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். நாளைக்கு அவரை ஓட்ட விடாதீங்க." வேறெதுவும் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தேன். பால் கொடுக்கிற பெண்ணிடம் இதற்கு மேல் என்ன சொல்வது?

அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மா மிதிக்கிற சத்தம் கேக்குதுன்னு உங்ககிட்டயும் சொன்னாரா அண்ணே?"

"சொன்னாரு."

"என்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. கவலையில பேசுறாருன்னு விட்டுட்டேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கேட்டீங்களா?"

மருமகன் தராசைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் ஒரு மனிதரின் கையிலிருந்து ஸ்டியரிங்கை வாங்கப் போகிறார்கள். அதில் பாதியை மறைத்துவிட்டு மீதியை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கேட்டேன்மா."

அவர் கண்ணை மூடித் திறந்தார். கணவரைப் பார்த்து, "கடையைப் பூட்டுங்க," என்றார். "இன்னைக்கே பஸ்ஸுல போயிருவோம். அவரு அங்கேர்ந்து கெளம்புறதுக்கு முந்தி நாம அங்க இருக்கணும்."

சனிக்கிழமை காலை கார் வந்தது. மருமகன் ஓட்டிவந்தார். டிஸ்பென்சர் ஐயா இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார், வெறும் தகரத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு. ஸ்பொஞ் எடுத்த மெட்டை நான் குனிந்து அவர் காலுக்கு அடியில் விரித்தேன். அவர் காலைத் தூக்கித் தந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கோபம் தீர அவருக்குப் பல மாதங்கள் எடுத்தன. அதற்குள் மகளும் பிள்ளையும் குண்டசாலைக்கே வந்துவிட்டார்கள். மருமகன் கம்பளைக் கடைக்குப் போய்வந்தார். ஒரு நாள் அதே கார், அதே மாதிரி இடது சீட்டில் அவர். இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அவ்வளவுதான், மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது.

"அந்த எடம் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி," என்றார்.

இடது முன் மெட்டை எடுத்தேன். அவருடைய சப்பாத்தின் குதிகால் அடையாளம் இரண்டும் புதிதாக, ஒழுங்காக இருந்தன. மேலே அந்தச் சின்னத் தோலில் என் தையல் அப்படியே இருந்தது. தையல் கண்களுக்குள் தூசி அடைந்திருந்தது.

"யாரும் மிதிக்கல ஐயா."

"அப்படித்தான் நெனச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கல." சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். காரைப் பறிகொடுத்த துக்கத்தைவிட இது பெரிது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மருமகன் மற்ற மெட்டுகளையும் எடுத்துப் போட்டார். "நாலுக்கும் அடியில ஸ்பொஞ் வச்சுருங்க பாஸ். பிள்ள பின்னால கூடையில தூங்குறான். வளைவு வந்தா எங்கேயோ டொம்முனு ஒரு சத்தம், முழிச்சுக்கிறான். நானும் என்னவோ ஏதோன்னு பிரேக்கப் போட்டுர்றேன்."

நான் பின் இடது மெட்டைக் கையில் எடுத்துத் திருப்பினேன். முன் சீட்டின் அடிப்பலகை சரிந்து இறங்குகிற ஓரத்தில், காபட் பளபளத்து, நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. பாதத்தின் முன்பகுதி. சின்னது. வலது கால்.

"பின்னுக்கு இந்தப் பக்கம் யார் உக்காருறது?"

"யாரும் இல்ல. பிள்ளையோட கூடை சீட்டுல இருக்கும். அவ எனக்குப் பின்னால உக்காருவா. இப்ப தல சுத்தெல்லாம் இல்ல."

மெட்டை டிஸ்பென்சர் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, நல்ல கண் பக்கம் தலையைச் சாய்த்து, அந்த இடத்தைப் பார்த்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். பிறகு சிரித்தார்.

"நான் அவ எடத்துல உக்காந்துட்டேன்ல," என்றார் எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவ பிள்ளைகிட்டப் போயிட்டா. எனக்குத்தான் காதும் போச்சுபோல."

மருமகன் நானாவோடு பேசப் போனார். நான் அந்த இடத்துக்கு மெல்லிய தோலாக ஒன்றைத் தேர்ந்து வெட்டினேன்.

மூன்று மெட்டுக்கு ஸ்பொஞ் வைத்தேன். நான்காவதற்கு வைக்கவில்லை.